அத்தான் தொடக்கூடாத செடி

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு கூட்டம் அவரைத் தியாகி என்கிறது. இன்னொரு கூட்டம் கஞ்சா கேஸ் என்கிறது. இரண்டு கூட்டத்துக்கும் அவரைத் தெரியாது. அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். காலையில் ஏழு மணிக்குக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார், கையெல்லாம் கிரீஸோடு சாயங்காலம் வருவார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். கோர்ட் வாசலுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. எனக்கும் கல்யாணம் ஆயிற்று, அது முடிந்தும் போயிற்று, அந்தக் கதை இங்கே வேண்டாம். வாய் கொஞ்சம் நீளம் என்று என்னைச் சொல்வார்கள். இருக்கட்டும். அத்தான் பேசாமல் விட்டதையெல்லாம் யாராவது பேசித்தானே ஆக வேண்டும்?

அக்காவுக்கு நரம்பில் வியாதி. முதலில் கால் மரத்தது, பிறகு விறைத்தது. பிறகு கால் தானாகவே வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. உட்கார்ந்திருப்பாள், திடீரென்று முகம் வெளுத்துப் போகும், நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அத்தான் ஓடி வந்து இரண்டு காலையும் மடியில் போட்டு அமுக்குவார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வலியைக் குறைத்தது உண்மைதான், கூடவே அக்காவையும் குறைத்துவிட்டது. வாயில் எச்சில் ஒழுக, என்னைப் பார்த்தே "யாரு?" என்று கேட்டாள். மாத்திரையை நிறுத்தினால் தூக்கம் போய்விடும். நாள் கணக்கில் தூங்காத ஒரு மனுஷியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமலே இருங்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ரிட்டயர்ட் நர்ஸ் அத்தானிடம் அந்தச் செடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் கேட்காது, சிலருக்குக் கேட்கும், ஆனால் சட்டப்படி குற்றம் என்று மூன்றையும் சேர்த்தே சொன்னாராம். அத்தான் எப்படியோ விதை தேடிப் பிடித்து, அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பின்னால், காலி பெயின்ட் வாளியில் வைத்து வளர்த்தார். இலையை எண்ணெயில் காய்ச்சி, சாயங்காலம் ஒரு சின்னக் கரண்டி கொடுத்தார். அன்றைக்கு அக்கா தூங்கினாள். மறுநாள் நான் போனபோது, "ஏண்டி, தலையைச் சீவாம அப்படியே கடைக்குப் போயிட்டு வர்றியா?" என்று கேட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் அக்கா என்னைத் திட்டினாள். சந்தோஷத்தில் அங்கேயே அவள் சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டேன்.

அத்தான் பொய்யே சொல்லாத உத்தமர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அக்காவின் சமையலை "நல்லாருக்கு" என்று சொல்லிச் சாப்பிட்டவர் அவர். ஆனால் மாடியில் ஏதோ வாடை வருகிறது என்று கட்டடத்துச் செயலாளர் ஏறி வந்து, "இது என்ன செடிங்க?" என்று கேட்டபோது, இந்த மனுஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஏதோ பூச்செடி என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"கஞ்சாங்க. வீட்ல உடம்புக்கு முடியல" என்றாராம்.

செயலாளர் போன் செய்தார். போலீஸ் வந்த நேரம் லிஃப்ட் ரிப்பேர். அவர்கள் மூச்சு வாங்க மாடி வரைக்கும் படியேறி வந்தார்கள். அதற்குள் அத்தான் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டார். செடியையும் அவரையும் அவர் சரிசெய்த லிஃப்டிலேயே இறக்கிக்கொண்டு போனார்கள்.

நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த வாளி.

"அவளுக்கு எண்ணெய் ரெண்டு நாளைக்கு இருக்கு. அலமாரில மேல் தட்டு" என்றார். அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

சில வாரம் கழித்து ஜாமீனில் வந்தார். ஆனால் அதற்குள் எண்ணெய் தீர்ந்து, அக்காவின் கால் பழையபடி வெட்டத் தொடங்கியிருந்தது. மொட்டை மாடிக்குச் செயலாளர் பூட்டுப் போட்டுவிட்டார். ஸ்டேஷன் ஆள் ஒருவர் வாரா வாரம் வந்து வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு செடி வைக்க வழியே இல்லை.

இந்த இடத்தில் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை தோறும் கோர்ட் வாசலில் நாலைந்து பேர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தடையை நீக்கு, நோயாளியைத் தண்டிக்காதே, இப்படியெல்லாம் எழுதியிருக்கும். அத்தானிடம் சொன்ன அந்த நர்ஸம்மாதான் அவர்களுக்குத் தலைவி. துண்டுப்பிரசுரங்களை என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுப்பார்கள். "ஆள் சேரலையே நர்ஸம்மா, என் மிஷினையும் ஒரு அட்டையைக் கட்டி நிக்க வைக்கட்டுமா?" என்று நான் வம்புக்கு இழுப்பேன். அவரும் சிரிப்பார். பல தடவை வழக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கோர்ட் கேட்டது ஒரே கேள்விதான். இந்தச் சட்டத்தால் உங்களுக்கு என்ன பாதிப்பு? தண்டனை பட்டவர் யார்? சும்மா வந்து சட்டத்தைக் குறை சொன்னால் கேட்க முடியாது, போய் வாருங்கள்.

அத்தான் பிடிபட்ட விஷயம் தெரிந்ததும் கூட்டமே என் கடைக்கு வந்துவிட்டது. நர்ஸம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இப்பதான் எங்களுக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்காரு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆளா? அவர் என்ன உங்க அட்டையில ஒட்டுற படமா? எங்க அக்கா அங்க துடிச்சுக்கிட்டுக் கெடக்கா, நீங்க இங்க வந்து பல்லைக் காட்டுறீங்களே! வெளிய போங்க எல்லாரும்" என்று கத்திவிட்டேன். அவர்கள் இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸம்மா மட்டும் திரும்பி வந்து, தப்பாகப் பேசிவிட்டதாகச் சொல்லி, ஒரு வக்கீலம்மாவின் போன் நம்பரைக் கொடுத்தார். பீஸ் வேண்டாம் என்பாராம். நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

வக்கீலம்மா ஒல்லியாக இருப்பார், கறுப்புக் கோட்டுக்குள் ஆளையே தேட வேண்டும். மூளை மட்டும் கோட்டை விடப் பெரிது. கோர்ட்டுச் சாமான் அறையில் போலீஸ் ஒப்படைத்திருந்த செடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு நாள் போனவர், நேராக என் கடைக்கு வந்து பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

நடந்தது இதுதான். பிடிபட்ட பொருளை, வழக்கு முடியும்வரை, எடுத்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கத்தி என்றால் கத்தி, வாட்ச் என்றால் வாட்ச். சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஏட்டு கட்டுப்பாடான மனுஷர். செடி உயிரோடு வந்தது, அதனால் உயிரோடுதான் திருப்பித் தர வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டார். ஜன்னல் ஓரமாக வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இலை பழுத்தபோது உரம்கூட வாங்கிப் போட்டிருக்கிறார், தன் கைக்காசில். பிடித்த அன்று முழங்கால் உயரச் செடி என்று போலீஸ் எழுதியிருந்தது. இப்போது அது ஏட்டின் தொப்பியைத் தாண்டி நின்றது.

"பிடிச்ச செடி வேற, காட்டுற செடி வேறன்னு ஒரே வரில சொல்லிடுவேன். சாட்சிப்பொருள் மாறிப்போச்சுன்னா கேஸ் நிக்காது. உங்க அத்தான் அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் வக்கீலம்மா.

"அப்ப சட்டம்?" என்று கேட்டார் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த நர்ஸம்மா.

"சட்டத்தைப் பத்திப் பேச்சே வராது. ஆள் விடுதலை ஆயிட்டா அப்புறம் யாருக்கு என்ன பாதிப்பு? அது அப்படியேதான் இருக்கும்."

நர்ஸம்மா கையிலிருந்த துண்டுப்பிரசுரத்தை மடித்தார். நான்தான் சொன்னேன். "சட்டம் எக்கேடோ கெட்டுப் போகட்டும். எங்க வீட்டு ஆள் வீட்டுக்கு வரணும்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் பேசினோம். அத்தான் தரையில் உட்கார்ந்து அவள் காலை அமுக்கிக்கொண்டிருந்தார். வக்கீலம்மா இரண்டு வழியையும் மறைக்காமல் சொன்னார். ஒன்று, செடி மாறிவிட்டது என்று சொல்லித் தப்பிப்பது. மற்றது, ஆமாம் என் செடிதான், வலிக்கு மருந்தாக வைத்தேன், வலியில் இருப்பவரைத் தண்டிக்கிற சட்டம் செல்லாது என்று நின்று வாதாடுவது. இரண்டாவதில் உள்ளே போக வேண்டி வரும். மேல்கோர்ட் என்ன சொல்லும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"நீங்க வீட்டுக்கு வந்தாப் போதும். எனக்கு வலி பழகிடுச்சு. எண்ணெய் இல்லாமலே நான் சமாளிச்சுப்பேன்" என்றாள் அக்கா.

அத்தான் தலை நிமிராமல், "பாக்கலாம்" என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த மனுஷன் வாயில் வரும் 'பாக்கலாம்' வேறு யார் வாயிலும் வருகிற மாதிரி இல்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

விசாரணை நாளில் கோர்ட் அறை நிரம்பி வழிந்தது. ஏட்டு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். செடி அவர் முகத்தை மறைத்தது, வழி தெரியாமல் ஒரு குமாஸ்தாவின் மேல் இடித்துக்கொண்டார். சனிக்கிழமைக் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட, ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

வக்கீலம்மா எழுந்தார். முழங்கால் உயரம் என்று எழுதியதைப் படித்துக் காட்டினார். இப்போது நிற்பதைக் காட்டினார். ஏட்டைப் பார்த்து, "இது அதே செடின்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"நான்தாங்கம்மா தண்ணி ஊத்தி வளத்தேன்" என்றார் ஏட்டு.

"வளர்த்தீங்களா? கஞ்சாச் செடி வளர்க்கறதுக்கு உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

ஏட்டுக்கு அப்போதுதான் தான் எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்பது புரிந்தது. வாளியை விட்டு ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டார். அரசு வக்கீல் வேகமாக எதையோ புரட்டினார். ஜட்ஜின் உதட்டோரம் துடித்தது. சட்டப்படி பார்த்தால் அந்த அறையில் பெரிய செடி வளர்த்த குற்றவாளி ஏட்டய்யாதான். எனக்குக் குஷி தாங்கவில்லை. அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

ஜட்ஜ் அத்தானைப் பார்த்து, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினால் போதும். வக்கீலம்மா அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அத்தான் செடியைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அக்காவைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

"என் செடிதாங்க ஐயா. அதே வாளி, அதே செடி. ஏட்டய்யா பாவம், தண்ணிதான் ஊத்துனாரு. வச்சது நான்" என்றார்.

ஜட்ஜ் குனிந்து, "நீங்க என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"புரிஞ்சுதாங்க. இன்னைக்கு என்னை விட்டீங்கன்னா நான் போய் இன்னொன்னு வைப்பேன். வேற வழி தெரியலைங்க. அவ தூங்கணும்."

அந்த மனுஷன் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. வக்கீலம்மா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சட்டம் செல்லாது என்ற வாதத்தை எடுத்து வைக்க ஆரம்பித்தார். முன்னாலேயே தயாராக வைத்திருந்தார் போலிருக்கிறது.

நான் தாழ்வாரத்துக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். அக்காவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நர்ஸம்மா வந்தார். நான் அக்காவிடம்தான் பாய்ந்தேன்.

"பாத்தியா உன் புருஷனை! கைக்கு வந்ததைத் தட்டி விட்டுட்டாரு. நீதான் எண்ணெய் இல்லாம சமாளிச்சுப்பேன்னு அவ்வளவு சொன்னியே!"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது பொய்டி" என்றாள். "அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

அந்த ஜட்ஜுக்குச் சட்டத்தை ரத்து செய்ய அதிகாரம் இல்லை. ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை கொடுக்க வேண்டியதுதான். இருப்பதிலேயே குறைந்த தண்டனையாகக் கொடுத்தார். அத்தான் உள்ளே போனார். நான் என் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு அக்காவோடு போய் இருந்தேன். காலை அமுக்கக் கற்றுக்கொண்டேன். ஜெயிலுக்குப் பார்க்கப் போகும்போதெல்லாம், எந்த இடத்தில் அமுக்குவது என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தான் கையால் காட்டுவார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை. மனுஷன் உள்ளே போய் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார் என்று போகிற வருகிறவரிடமெல்லாம் புலம்பினேன். அது நிம்மதி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் புலம்பினேன்.

சனிக்கிழமைக் கூட்டத்தின் வழக்கை இந்தத் தடவை மேல்கோர்ட்டால் தள்ள முடியவில்லை. பாதிக்கப்பட்டவர் யார் என்று கேட்டால் காட்ட ஒரு ஆள் இருந்தார். டாக்டர்கள் வந்து சொன்னார்கள், அக்கா போய்ச் சொன்னாள், ஏட்டுகூட வந்து சொன்னார். அவருக்கு மேலிடத்தில் நல்ல டோஸ் விழுந்ததோடு போயிற்று, வேலை தப்பியது. வெளியே வந்ததும் என்னிடம், "இருந்தாலும் நல்லாத்தானேம்மா வளத்திருந்தேன்?" என்று கேட்டார். நல்லாத்தான் வளர்த்தீர்கள் என்றேன். வேறு என்ன சொல்ல?

அத்தான் வெளியே வந்து, பழைய கம்பெனி சேர்த்துக்கொள்ளாததால் தனியாக லிஃப்ட் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. தடை பொதுவாகச் செல்லும். ஆனால் வேறு மருந்துக்கு அடங்காத வலி உள்ளவர்களுக்கு, டாக்டர் சான்று இருந்தால், அனுமதி வாங்கி ஒன்றிரண்டு செடி வளர்த்துக்கொள்ளலாம். வீட்டில் இருப்பவரோ நெருங்கிய உறவோ வளர்த்துக் கொடுக்கலாம். கோர்ட் வாசலில் நர்ஸம்மா குழந்தை மாதிரி குதித்தார். என்னையும் கட்டிக்கொண்டார். முன்பு அவரை வெளியே போகச் சொன்னவள் நான், அன்றைக்கு எல்லோருக்கும் தீர்ப்பை இனாமாக ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பழைய தண்டனைகள் அப்படியே நிற்கும். இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர் செடியை வளர்க்கவோ, தொடவோ, செடி இருக்கும் வீட்டில் இருக்கவோ கூடாது. மிஷின் பாட்டுக்கு அதே பக்கத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது, நான் நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

அத்தான் அன்று நாலு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில், லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே நின்று குனிந்து சொன்னேன். எல்லோருக்கும் வழி திறந்தாயிற்று, உங்களுக்கு மட்டும் அடைத்துவிட்டார்கள் என்று சொல்லும்போதே என் குரல் உடைந்தது.

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"அப்ப உன் பேர்ல வை" என்றார் கீழேயிருந்து.

"வக்கீலம்மா அப்பீல் போடலாம்னு சொல்றாங்க அத்தான். உங்க பேரை அழிக்கச் சொல்லி."

"போடட்டும். அதுக்குள்ள நீ வச்சிடு. மண்ணு ரொம்ப இறுகாம பாத்துக்கோ."

அப்படித்தான், அத்தான் வந்ததும் நான் திரும்பிப் போயிருந்த என் வீட்டுப் பால்கனிக்கு அந்தச் செடி வந்தது. அனுமதி என் பெயரில். எண்ணெயை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பதால் அக்கா தினமும் என் வீட்டுக்கு வந்தாக வேண்டும். என் வீடு மேல் மாடி. பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. ஊரில் இருக்கிற பாதி லிஃப்டை ஓட வைப்பவர், தன் பெண்டாட்டியைத் தினமும் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். வாசல் வரை வந்து என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றுகொள்வார்.

அனுமதி கொடுத்த ஆபீஸிலிருந்து போன வாரம் ஒருவர் சோதனைக்கு வந்தார். செடியைப் பார்த்தார், எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தார். வாசலில் நின்ற அத்தானைப் பார்த்து, "இவர் யாருங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தானே சொல்லிவிட்டார். "நான் தண்டனை ஆனவனுங்க. உள்ள வர மாட்டேன்."

"வாசப்படியும் வீட்டுக்குள்ளதான் கணக்கு. கொஞ்சம் கீழ இறங்கி நில்லுங்க" என்றார் அவர். சின்ன வயசு, கெட்டவர் இல்லை, விதியைச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. யாரால் உனக்கு இந்த வேலை வந்தது தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அத்தான் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நாலு படி இறங்கினார்.

அந்த ஆள் போன பிறகு நான் அக்காவுக்குக் கரண்டியில் கொடுத்தேன். அவள் ஜன்னலோர நாற்காலியில் என்னோடு கொஞ்ச நேரம் வம்பளந்தாள். பிறகு பேச்சு நடுவிலேயே கண் சொருகியது. கால் இரண்டும் அசையாமல் கிடந்தன. கதவுக்கு வெளியே, படியிலிருந்து அவர் குரல் வந்தது.

"தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா அத்தான்."

"அப்ப சரி" என்றார். படியில் உட்கார்ந்தார்.